மருந்து செய்த புண்

அருப்புக்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வயதில் என்னைவிட மூத்தவர். ஊரார் அழைப்பது போலவே நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறேன். பரம்பரை நெசவாளர். கைத்தறியில் தொடங்கி, பிற்பாடு இரண்டு விசைத்தறி போட்டு, பெண்ணைப் படிக்க வைத்து, பையனை வேலைக்கு அனுப்பியவர். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்பதில் அவருக்கு ஒரு சின்ன இளக்காரம். "தம்பி, உங்க கதையிலே இழை அறுந்தா யாருக்கும் தெரியாது. என் தறியிலே அறுந்தா அன்னிக்கே கடைக்காரன் திருப்பி அனுப்பிடுவான்" என்பார். அவர் சொல்வது நியாயந்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு காலை வேளை, பாவு பிணைத்துக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். மதுரைக்குக் கொண்டு போனார்கள். தலையின் இடது பக்கத்தில் கட்டி என்றார்கள். திறந்து, எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். எடுக்க முடியாமல் எஞ்சிய வேருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை வேண்டும் என்றார்கள். நம் பக்கத்து ஜனங்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கரண்டு வைப்பது'. அண்ணாச்சிக்கு அதில் இஷ்டமில்லை. "வெட்டி எடுத்தாச்சுல்ல, போதும்" என்றார். மதினிதான் விடவில்லை. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, மதுரையில் ஓர் அறை பிடித்து, ஆறு வாரம், முப்பது நாள் கரண்டு வைத்து, மொட்டைத் தலையோடு கணவரை ஊருக்கு அழைத்து வந்தாள்.

அதன் பிறகு ஓர் ஆண்டு நன்றாகவே போயிற்று. தலையில் முடி முளைத்தது. தறிக்கொட்டகைக்குப் போனார். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பந்தியில் நின்று என்னை அதட்டி இரண்டாம் தடவை பாயசம் ஊற்றச் சொன்னார்.

பதினான்காம் மாதம் தலைவலி வந்தது. வலக்கையில் எடுத்த சாமான் நழுவி விழுந்தது. 'நாடா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்கு அந்தச் சொல் அகப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் கையில் பிடித்த பொருளின் பெயர்! மறுபடியும் படம் எடுத்தார்கள். பழைய இடத்திலேயே ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. ஒரு டாக்டர், "கட்டி திரும்பியிருக்கிறது போலிருக்கிறது" என்றார். இன்னொருவர், "கட்டியாக இல்லாமலும் இருக்கலாம். கதிர் பட்ட இடத்தில் மூளைத் திசு செத்துப் போயிருக்கலாம்" என்றார்.

நோய் திரும்பியதா, அல்லது மருந்து செய்த புண்ணா? இதுதான் கேள்வி. வைத்தியர்களின் கேள்விதானே, இதில் கதாசிரியனுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அன்று மாலை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது, இந்தக் கேள்வி வைத்திய சாஸ்திரத்தோடு முடிந்துவிடுகிற சங்கதி அல்ல என்று.

மகன் கோபமாக இருந்தான். "கரண்டு வச்சதுலதான் கெட்டுப் போச்சுன்னா சும்மா விடக்கூடாது சித்தப்பா" என்றான். மதினி ஒன்றும் பேசவில்லை. அவன் எழுந்து போன பிறகு என்னிடம் மெல்லக் கேட்டாள்: "தம்பி, வியாதிதான் திரும்பி வந்திருக்குன்னா அது தலையெழுத்து. மருந்தாலே வந்ததுன்னா, அது நான் கூட்டிட்டுப் போனதாலே வந்தது. இதிலே எதை நான் வேண்டிக்கிடட்டும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டாக்டர்கள் கணக்கில் திசு அழிவு என்பது நல்ல செய்தி; கட்டி திரும்புவதுதான் கெட்ட செய்தி. ஆனால் அந்த நல்ல செய்தி அவள் தலையில் ஒரு பழியையும் சுமத்திக்கொண்டு வருகிறது. புருஷன் பிழைக்க வேண்டுமானால் தான் குற்றவாளியாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு நானே எனக்குப் பதில் தேடிக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

கதிருக்குக் கட்டியின் உயிரணுவும் தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் நல்ல உயிரணுவும் தெரியாது. பட்ட இடத்தைச் சுடும். நல்ல திசு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொள்ளும், கட்டி அவ்வளவு தேறாது என்ற ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் அளவைப் பல நாட்களாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அந்த நம்பிக்கை பலிக்கிறது. சிலருக்கு, சிகிச்சை முடிந்து அரை ஆண்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள், சில சமயம் அதற்கும் வெகுகாலம் கழித்து, மூளையின் சின்ன இரத்தக் குழாய்கள் கெட்டு, சுற்றியுள்ள திசு மடிந்து வீங்குகிறது. 2010-இல் உலக அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்த நிபுணர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு கிரே வீதம் மொத்தம் 72 கிரே போனால், நூற்றில் ஐந்து பேருக்கு இது வரலாம் என்றார்கள். அண்ணாச்சிக்குக் கொடுத்தது 60. எனவே யாரும் கைதவறி அதிகமாகக் கொடுத்துவிடவில்லை. சரியான அளவிலேயே, சரியான முறையிலேயே செய்தாலும், சிலருக்கு இப்படி ஆகிறது.

கதிர் புதிதாக வந்த காலத்திலேயே அதன் இரண்டு முகங்களும் தெரிந்துவிட்டன. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். அமெரிக்காவில் எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி அந்தக் கதிரோடேயே புழங்கிப் புழங்கி, கைகள் புண்ணாகி, புற்று வைத்து, 1904-இல் இறந்தார். புற்றை அழிக்கும் கதிரே புற்றையும் விளைவித்தது. அதற்காக உலகம் கதிரைக் கைவிட்டுவிடவில்லை. கைவிட்டிருந்தால் இன்று உயிரோடு நடமாடும் எத்தனையோ பேர் இல்லாமல் போயிருப்பார்கள். நம் சென்னையிலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல், 1954-இல் அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தார். டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரிலும், டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் சென்னையிலும் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அந்தப் பாதையில் போய்த்தான் நம் அண்ணாச்சிக்குப் பாயசம் ஊற்ற ஓர் ஆண்டு கிடைத்தது.

அந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. மண்டைக்குள் நடப்பதை அவர்களால் பார்க்க முடியாது. 1971-இல் லண்டனில்தான் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை ஸ்கான் செய்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு காந்தப் புலத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது. மனிதன் பார்க்கக் கற்றுக்கொண்டான். ஆனால் பார்ப்பது வேறு, பார்த்தது இன்னதென்று அறிவது வேறு அல்லவா?

அந்த வெள்ளை வளையத்தின் கதை இதுதான். மூளையின் இரத்தக் குழாய்களுக்கு இயற்கை ஒரு காவல் வைத்திருக்கிறது. கண்டதையும் மூளைக்குள் கசிய விடாத காவல். படம் எடுக்குமுன் நாளத்தில் ஒரு மருந்தைச் செலுத்துகிறார்கள். காவல் உடைந்த இடத்தில் அது கசிந்து வெளுப்பாகத் தெரியும். வளரும் கட்டியும் அந்தக் காவலை உடைக்கும். கதிரால் வெந்த குழாயும் அதே காவலை இழந்து நிற்கும். படம் நமக்குக் காட்டுவது உடைந்த கதவைத்தான். உடைத்தவன் யார் என்பதை அது காட்டுவதில்லை.

உடைத்தவனைக் கண்டுபிடிக்க வேறு வழிகள் உண்டு. அந்த இடத்தில் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்று அளக்கலாம். கட்டி தன் தீனிக்காகப் புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். செத்த இடத்துக்கு இரத்தம் எதற்கு? அங்கே ஓட்டம் குறைவு. இரசாயனத்தை அளக்கலாம். உயிரணு பெருகுமிடத்தில் கோலின் என்ற பொருள் கூடும். மடிந்த இடத்தில் கொழுப்பும் லாக்டேட்டும் மிஞ்சும். பெட் ஸ்கானில் சர்க்கரையைக் கொடுத்து யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆனால் மூளையே பெரிய சர்க்கரைத் தீனிக்காரன். கட்டியின் பசி அந்தப் பசியில் மறைந்து போகக் கூடும். அதனால் சர்க்கரைக்குப் பதிலாக அமினோ அமிலத்தைக் கொடுத்துப் பார்ப்பது மேல் என்கிறார்கள். அவற்றில் மெதியோனின் என்ற ஒன்றில் சேர்க்கும் கதிரியக்கக் கார்பன் இருபதே நிமிஷத்தில் பாதியாகக் கரைந்துவிடும். அதைத் தயாரிக்கும் யந்திரமே ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு.

இத்தனையும் செய்தாலும், 'பெரும்பாலும் இது', 'அநேகமாக அது' என்றுதான் பதில் வரும். கடைசியில் ஊசி போட்டுத் துளித் திசுவை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதே முடிவான சோதனை. அதிலும் ஒரு சிக்கல். பல பேருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். ஓர் இடத்தில் செத்த திசு, அடுத்த நூலிழை தூரத்தில் உயிருள்ள கட்டி. ஊசி எங்கே போய் நிற்கிறதோ, அதையே அது சொல்லும்.

மருந்து கொடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அதிலும் ஏமாற்றம் இருக்கிறது. டெக்ஸாமெத்தஸோன் என்ற ஸ்டீராய்டு வீக்கத்தை வற்ற வைக்கும். தலைவலி போகும், கை தேறும், சொல் திரும்பும். ஆனால் கட்டியைச் சுற்றிய வீக்கமும் அதே மருந்தில்தான் வற்றும். தேறினார் என்பதால் நோய் இன்னதென்று நிரூபணமாகிவிடாது. பெவாசிசுமாப் என்று ஒரு மருந்து இருக்கிறது. 14 பேரை மட்டும் வைத்து நடத்திய ஒரு சோதனை 2011-இல் வெளிவந்தது. கதிரால் மூளை கெட்ட அவர்களில் மருந்து கிடைத்தவர்கள் தேறினார்கள். வெறும் போலி மருந்து கிடைத்தவர்கள் தேறவில்லை. ஆனால் அதுவும் படத்தின் வெளுப்பைக் கட்டியிலும் குறைத்துக் காட்டும்.

நோய் இன்னதென்று பார், பிறகு அதன் காரணத்தைப் பார், பிறகு தீர்க்கும் வழியைப் பார் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வரிசை வைத்தார். நோயும் காரணமும் ஒரே முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது? பிழையாக ஊகித்தால் பலன் சிறிதல்ல. செத்த திசுவைக் கட்டி என்று நினைத்து மறுபடியும் கரண்டு வைத்தால், வெந்த புண்ணிலேயே மேலும் நெருப்பு. கட்டியைச் செத்த திசு என்று நினைத்துச் சும்மா இருந்தால், திருடனை விருந்தாளி என்று திண்ணையில் படுக்க வைத்த கதை.

*

இங்கேதான் தர்ம சங்கடம் தொடங்குகிறது. 'இது எதனால் வந்தது?' என்று கேட்கும்போது நாம் உண்மையில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறோம். ஒன்று, 'இனி என்ன செய்ய வேண்டும்?' மற்றொன்று, 'இதற்கு யார் பொறுப்பு?' முதல் கேள்வி நோயாளிக்காகக் கேட்பது. இரண்டாவது கேள்வியை அநேகமாக நாம் நமக்காகவே கேட்கிறோம்.

சிகிச்சை செய்தவருக்கு, 'நோய்தான் திரும்பியது' என்று சொல்வது மனத்துக்குச் சுகம். தம் கை சுத்தம் என்று ஆகிறது. கோபத்தில் இருக்கும் மகனுக்கு, 'மருந்துதான் கெடுத்தது' என்று சொல்வது சுகம். துக்கத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. மதினியைப் போன்ற நல்ல மனசுக்கோ, 'நான்தான் காரணம்' என்று சொல்லிக்கொள்வதில்கூட ஒரு விபரீதமான ஆறுதல் இருக்கிறது. காரணமே இல்லாத கஷ்டத்தைவிடத் தன்னால் வந்த கஷ்டம் மேல் என்று மனித மனம் சில சமயம் நினைத்துக்கொள்கிறது. மூன்று பேரும் அன்புள்ளவர்களே. ஆயினும் மூன்று பேருமே, அந்த வெள்ளை வளையம் என்ன என்று தெரிவதற்கு முன்பே, அது என்னவாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவு நியாயமாகக்கூட இருந்துவிடலாம். ஆனால் நோயாளிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. கிழிந்த புடவையை வைத்துக்கொண்டு கிழித்தது யார் என்று வீட்டில் சண்டை போடலாம். தைக்க உட்காருகிறவனுக்கு வேண்டியது அதுவல்ல, இழை எதுவரை இற்றிருக்கிறது என்பதுதான்.

அண்ணாச்சியே இதை எனக்கு ஒரு நாள் விளக்கினார். சொற்கள் அகப்படாமல், நின்று நின்று, கையால் ஜாடை காட்டிச் சொன்னார். துணியில் ஓட்டை விழுந்தால் பூச்சி அரித்தது என்று எல்லோரும் சொல்வார்களாம். சில சமயம் அது பூச்சியே அல்ல. நூலை வெளுக்கும்போது சலவைத் தூள் கொஞ்சம் கூடியிருந்தால், வெளுத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தறியிலும் ஓடிவிடும். உடுத்திச் சில மாதம் ஆனபின் அந்த இடம் பொரிந்து கொட்டும். பார்வைக்கு இரண்டு ஓட்டையும் ஒன்றுதான். "அப்போ எப்படிக் கண்டுபிடிப்பீங்க அண்ணாச்சி?" என்றேன். பக்கத்து நூலைக் கிள்ளிப் பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினார். பிறகு, வெகு பிரயாசைப்பட்டு, "அவசரப்பட்டு... இழுத்துப் பாக்கக் கூடாது" என்றார். இழுத்தால் நல்ல நூலும் போய்விடும்.

*

மறுநாள் காலை பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போனேன். மனசு சரியில்லாதபோது அந்தக் கோயில் பிராகாரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து வருவது என் வழக்கம். வழி நெடுகக் கரிசல் காடு. குண்டாற்றில் மணலும் முள்ளும்தான் கிடந்தன. கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக் கருவேலம். ஆங்காங்கே கரிமூட்டத்தின் புகை.

இந்த மரத்தின் கதையையும் நினைத்துக்கொண்டேன். இதுவும் ஒரு மருந்தாக வந்ததுதான். விறகுப் பஞ்சத்துக்கும் வறண்ட பூமிக்கும் பரிகாரமாக 1877-இல் கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கு விதை வந்தது. மழையில்லாவிட்டாலும் முளைக்கும், ஆடு மாடு கடிக்காது என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகு அதே குணங்களே வினையாயின. கண்மாயை அடைத்தது, புன்செயை விழுங்கியது. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை ஒழிக்கக் கட்டளையிட்டது. ஊர் ஊராக வெட்டினார்கள். அதே ஆண்டில் அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. இதற்கிடையில், மானம் பொய்த்த ஆண்டுகளில் இந்த முள்ளை வெட்டிக் கரி சுட்டு அடுப்பெரித்த குடும்பங்கள் இந்தச் சீமையில் எத்தனையோ உண்டு. விதை கொண்டு வந்தவன் பாவியா, புண்ணியவானா? கரிமூட்டக்காரனைக் கேட்டால் ஒரு பதில். கண்மாய்ப் பாசனக்காரனைக் கேட்டால் வேறு பதில். ஆனால் இன்று கோடரி எடுக்கிறவனுக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பல்ல. இந்த ஊரில், இந்தக் கண்மாயில், எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்பதைத்தான் அவன் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

திருச்சுழி என்றதும் எல்லோருக்கும் ரமண மகரிஷி நினைவுக்கு வருவார். 1879-இல் அவர் பிறந்த ஊர் இது. கதிர் சிகிச்சையை அவர் உடம்பும் கண்டது என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். அவர் இடக்கையில் ஒரு கட்டி கண்டது. அறுத்தார்கள், மறுபடியும் வந்தது. மறுபடியும் அறுத்து ரேடியமும் வைத்தார்கள். கையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது அவர் இணங்கவில்லை. இந்த உடம்பே ஒரு வியாதிதான், அதன் போக்கில் முடியட்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி மறைந்தார்.

பிராகாரத்தில் உட்கார்ந்து அந்தப் பதிலை வெகுநேரம் நினைத்துப் பார்த்தேன். மகத்தான பதில்தான். ஆனால் என்னால் அதை மதினியிடம் போய்ச் சொல்ல முடியாது. உடம்பைச் சட்டையாக நினைக்கத் தெரிந்தவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் நெசவாளிக்கு வலக்கை வேண்டும். தாலி எடுத்துக் கொடுக்கும் கை அது. அடுத்தவன் உடம்பைப் பற்றி நாம் துறவு பேசுவது ஞானமாகாது. அது சோம்பல், சில சமயம் கல்நெஞ்சம். ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். தம் கட்டிக்காக அவர் யாரையும் பழிக்கவில்லை. சிகிச்சை பலிக்கவில்லையே என்று டாக்டர்கள் முகம் வாடியபோது, அவர்களைத் தேற்றியவர் அவர்தான் என்பார்கள். நமக்கு எட்டாத ஞானத்தில் நமக்கு எட்டக்கூடிய ஒரு துளி அது.

*

ஆனால் யாருக்குமே பொறுப்பு இல்லையா? அப்படிச் சொல்லிவிட்டால் அதுவும் தப்பு.

குற்றம் வேறு, கடன் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. சரியென்று அறிந்த சிகிச்சையைச் சரியான அளவில் செய்த வைத்தியர் மீது, அது புண்ணாக்கிவிட்டது என்பதற்காகக் குற்றம் சுமத்த முடியாது. ஆனால் அவருக்குக் கடன் உண்டு. சிகிச்சைக்கு முன்பே, 'நூற்றில் சிலருக்கு இப்படியும் ஆகலாம்' என்று புரியும் பாஷையில் சொல்லியிருக்க வேண்டிய கடன். பின்னால் வளையம் தெரியும்போது, 'இது என் கை வேலையாகவும் இருக்கலாம்' என்ற சாத்தியத்தைத் தாமே முதலில் வாய்விட்டுச் சொல்லும் கடன். அந்தப் புண் ஆறும் வரை, அல்லது ஆறாது என்று தெரிந்த பின்னும், கூடவே நிற்கும் கடன். இந்தக் கடனைத் தீர்க்காதவரிடந்தான் குற்றம் வந்து சேர்கிறது. மருந்து செய்த புண்ணை மறைப்பது அந்தப் புண்ணைவிடப் பெரிய புண்.

அடுத்தது காத்திருக்கும் கடன். இதை மருத்துவ உலகமே பட்டுத்தான் கற்றுக்கொண்டது. மூளைக் கட்டிகளில் கொடியது ஒன்றுக்குக் கதிரோடு டெமோஸோலோமைட் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது 2005 முதல் வழக்கமாயிற்று. அதன் பின், சிகிச்சை முடிந்த இரண்டு மூன்று மாதத்தில் பலருடைய படத்தில் கட்டி பெருத்தது போலத் தெரிந்தது. மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து, பலித்துக்கொண்டிருந்த மருந்தையே நிறுத்தினார்கள். பெருத்தது கட்டியல்ல, சிகிச்சையின் வீக்கம் என்றும், சிலருக்குத் தானே வற்றுகிறது என்றும் பிறகு தெரிந்தது. 2010-இல் நிபுணர்கள் கூடி ஒரு விதி வகுத்தார்கள். கதிர் படாத புது இடத்தில் வளர்ந்தாலன்றி, அல்லது திசுவையே எடுத்துப் பார்த்தாலன்றி, சிகிச்சை முடிந்த பன்னிரண்டு வாரத்துக்குள் நோய் முற்றியது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அந்த விதி. அண்ணாச்சியின் கேஸ் அந்தப் பன்னிரண்டு வாரத்தைக் கடந்ததுதான். ஆயினும் அந்த விதியின் உட்பொருள் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தீர்ப்பு எழுதக் கூடாத ஒரு காலம் உண்டு என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டு, அதைச் சட்டமாகவும் எழுதி வைத்திருக்கிறது. நம் குடும்பச் சண்டைகளில் இப்படி ஒரு பன்னிரண்டு வார விதி இருந்தால் எவ்வளவு வழக்குகள் குறையும்!

'இன்னும் தெரியவில்லை' என்று சொல்வது ஒரு கோழையின் பதில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். பணம் கட்டியவர் முன்னால், அழுகிறவள் முன்னால், கோபத்தில் நிற்கும் பையன் முன்னால் நின்று அதைச் சொல்வது எளிதல்ல. ஆனால் அது சும்மா இருப்பதற்குச் சாக்காகவும் ஆகிவிடக் கூடாது. எத்தனை நாள் பார்ப்போம், அதுவரை என்ன மருந்து, எந்த அறிகுறி கண்டால் உடனே ஓடி வர வேண்டும் என்று கணக்கோடு காத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு வாய்த்த டாக்டர் அப்படிப்பட்டவர். இரத்த ஓட்டத்தை அளந்து பார்த்தார், குறைவாக இருந்தது. "கதிரின் காயமாக இருக்கவே அதிக வாய்ப்பு. நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஸ்டீராய்டு கொடுக்கிறேன். எட்டு வாரத்தில் மறுபடம். அதற்குள் மோசமானால் திசு எடுத்துப் பார்ப்போம்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "காயம் என்றால் நான் கொடுத்த சிகிச்சையால் வந்ததுதான். அந்தச் சிகிச்சை இல்லாமல் விட்டிருந்தால் கட்டி வளர்ந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டும் உண்மை" என்றார். சும்மா விடக் கூடாது என்று வந்திருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். மறைத்திருந்தால் அவன் விட்டிருக்க மாட்டான்.

எட்டு வாரத்தில் வளையம் சிறுத்திருந்தது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்தபின் எடுத்த அடுத்த படத்திலும் அது பெருக்கவில்லை. "இப்போதைக்குக் காயம் என்றே வைத்துக்கொள்வோம்" என்றார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு' என்ற வார்த்தையோடுதான் அந்தக் குடும்பம் இன்று வாழ்கிறது. யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம். நமக்கு யாரும் படம் எடுத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சென்ற மாதம் போயிருந்தபோது அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து, வலக்கை விரல்களால் நூல் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். பத்து முடிச்சில் நாலு விழுகிறது. மதினி காப்பி கொண்டு வந்து வைத்தாள். நெடுநாள் மனசில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ, நான் அன்னிக்குப் பிடிவாதமாக் கூட்டிட்டுப் போனதாலேதானே உங்களுக்கு இப்படி ஆச்சு?"

அவர் முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். சொற்களைத் தேடிப் பொறுக்கி எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. நாங்கள் காத்திருந்தோம்.

"ஆமா" என்றார். பிறகு, "நீ கூட்டிட்டுப் போகாட்டி... இதைக் கேக்க... நான் எங்கே இருப்பேன்?" என்றார்.

மதினி ஒன்றும் சொல்லாமல் காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். அவர் வலக்கையை நீட்டினார். தம்ளர் கொஞ்சம் நடுங்கிற்று. விழவில்லை.